பால்சா கிட்டிலிருந்து ரேடியோ விமானம் கட்டுதல்: ஒட்டும் வரிசையைப் பின்பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

பால்சா என்னும் மிக இலேசான மரத்தில் வெட்டிய துண்டுகளாக வரும் விமானக் கிட்டைப் பாதியில் நிறுத்திப் பரணில் ஏற்றிவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கைத்திறனில் குறை இருப்பதில்லை. பிறகு ஒட்ட வேண்டியதை முன்பே ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஒட்டும் ஏதோ ஒரு இடத்திற்குச் செல்லும் வழியை அடைக்கிறது. எந்த வழி அடைபடுகிறது, அங்கே செய்ய வேண்டிய வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தபின் பசையை எடுப்பதே இந்த வேலையின் அடிப்படை ஒழுங்கு. கீழே உள்ளவை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இறக்கை நீளமுள்ள, மின்மோட்டாரால் இயங்கும், நான்கு சேனல் (நான்கு தனித்தனிக் கட்டளைகளை ஏற்கும்) பயிற்சி விமானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெங்களூரில் வீட்டு அறையில் வைத்துக் கட்டுகிறவருக்குத் தேவையான சில குறிப்புகளும் ஆங்காங்கே வரும்.

1. கிட்டும் அதனுடன் வாங்க வேண்டியவையும்

முதல் விமானத்திற்கு, உடலின் மேலே இறக்கை அமர்ந்த, இறக்கையின் அடிப்பக்கம் தட்டையான வடிவமே ஏற்றது. அடி தட்டையாக இருந்தால் மெதுவாகப் பறக்கும் என்பதோடு, கட்டும்போது ரிப்புகள் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள்) பலகையின் மேல் தாமாகவே நேராக உட்காரும். இறக்கை முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் குறையும். போர்விமான கிட்டுகளின் பெட்டிப் படங்கள் ஆசை காட்டும். அவற்றை இரண்டாவது, மூன்றாவது கிட்டுக்கு விட்டுவைக்கலாம்.

பெட்டிக்குள் மரம், வரைபடம், சில கம்பிகள், மடல்களை அசைக்கும் ஹார்ன்கள் என்ற சிறு கைகள் ஆகியவை மட்டுமே இருக்கும். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி., மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் நான்கு, லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சார்ஜர், விமானத்தில் வைக்கும் ரிசீவர், கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர், சட்டகத்தை மூடும் கவரிங் ஃபிலிம், பசை எல்லாம் தனி. இவற்றின் மொத்த விலை பெரும்பாலும் கிட்டின் விலையைத் தாண்டிவிடும்.

மோட்டாரையும் சர்வோக்களையும் மரவேலை தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். மோட்டார் பொருந்தும் முன்பலகையின் துளைகளும் சர்வோத் தட்டின் பொந்துகளும் கையிலிருக்கும் பொருளின் அளவைப் பொறுத்தவை. உடலை மூடியபின் அவற்றைத் திருத்துவது மிகவும் கடினம்.

மோட்டாரின் திறனைக் கணக்கிடும்போது, பயிற்சி விமானத்திற்குக் கிலோவுக்கு 200 வாட் என்பது நடைமுறையில் கொள்ளும் அளவு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு; ஆகவே சென்னையில் போதுமாக இருந்த மோட்டாரும் புரொப்பல்லரும் இங்கே சற்று மந்தமாகத் தோன்றும். 1.3 கிலோ விமானத்திற்கு 300 வாட் வரை தரக்கூடிய அமைப்பை வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

இணைப்பிகள், சிலிக்கோன் ஒயர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், மல்டிமீட்டர் போன்றவை பெங்களூரின் மின்பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

2. வேலைப் பலகை

விமானம் பலகையைவிட நேராக வராது. பலகை வளைந்திருந்தால் அந்த வளைவு இறக்கையில் ஏறிவிடும்; பிறகு டிரான்ஸ்மிட்டரில் செய்யும் எந்த நுண்திருத்தமும் (டிரிம்) அதை முழுமையாகச் சரிசெய்யாது.

ஹார்டுவேர் கடைகளில் விற்கும் ஃப்ளஷ் கதவு மலிவான, நம்பகமான அடித்தளம். அதை வாங்கி வந்ததும் ஒரு நீண்ட எஃகு அளவுகோலை நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அளவுகோலே நேராக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், சமையல் மேடையின் கிரானைட்டில் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். கதவின் மேல் குண்டூசி இறங்கக்கூடிய மென்பலகையோ ஜிப்சம் பலகையோ ஒட்டிக்கொண்டால் போதும்.

வரைபடத்தை விரித்து ஓரங்களில் டேப் போட்டு, அதன் மேல் மெழுகுத்தாளையோ சமையலறையில் பயன்படும் கிளிங் ஃபிலிமையோ இழுத்து ஒட்ட வேண்டும். இதைத் தவிர்த்தால் இறக்கை வரைபடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.

3. பசைகள்: எதற்கு எது

ஒரே பசையால் முழு விமானத்தையும் கட்ட முயல்வது புதியவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை.

சி.ஏ. என்பது சயனோஅக்ரிலேட் என்ற உடனடிப் பசை. அதில் நீர்த்த வகை, இடைவெளியின்றிப் பொருந்திய மூட்டில் தானாக ஊறிச் சென்று நொடிகளில் பிடித்துவிடும். இடைவெளி இருந்தால் அது வெளியே ஓடிவிடுமே தவிரப் பிடிக்காது. நடுத்தரக் கெட்டியான சி.ஏ. சிறு இடைவெளிகளை நிரப்பும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். ஆனால் காய்ந்தபின் ரப்பர்போல் இழுபடுவதால் உப்புத்தாள் தேய்க்க வேண்டிய வெளிமூட்டுகளுக்கு உகந்ததன்று. மோட்டாரின் முன்பலகை, இறக்கை இரண்டையும் இணைக்கும் பிரேஸ், சக்கரக் கம்பியின் தாங்கி ஆகிய மூன்றுக்கும் மெதுவாக இறுகும் எப்பாக்ஸியைத் தவிர வேறெதையும் நம்பக் கூடாது. ஐந்து நிமிட எப்பாக்ஸி அவசர ஒட்டுக்கு மட்டும்.

சி.ஏ. பசையின் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பருத்தித் துணியில் அது சிந்தினால் கடும் சூடு உண்டாகித் தோலைச் சுட்டுவிடும் என்பதால், துணியால் துடைப்பதும் பருத்திக் கையுறை அணிவதும் ஆபத்து.

4. பெட்டியைத் திறந்ததும்

லேசரில் வெட்டிய துண்டுகளை உடனே பிரித்தெடுத்துக் குவித்துவிடக் கூடாது. தட்டிலேயே இருக்கும்போது வரைபடத்துடன் ஒப்பிட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் அதன் எண்ணைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். அடுத்தடுத்த ரிப்புகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் ஸ்பார் (இறக்கையின் நெடுக ஓடும் முதுகெலும்புக் குச்சி) பொருந்தும் பொந்தின் ஆழத்தில் வேறுபடலாம்.

அடுத்து, குச்சிகளையும் தகடுகளையும் டிஜிட்டல் தராசில் நிறுத்துத் தரம் பிரிக்க வேண்டும். ஒரே அளவில் வெட்டிய இரண்டு பால்சாத் துண்டுகளில் ஒன்று மற்றதைவிட இருமடங்கு எடை இருப்பது சாதாரணம். கனமான, விறைப்பான குச்சிகள் ஸ்பாருக்கும் உடலின் முன்பகுதிக்கும். மிக இலேசானவை வாலுக்கு. வால், எடைமையத்திலிருந்து மூக்கைவிட இரண்டரை, மூன்று மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் அதே மடங்கு ஈயம் சேர்க்க நேரும். கிட்டில் வந்த துண்டு வாலுக்குக் கனமாக இருந்தால், தயங்காமல் வேறு இலேசான பால்சாவில் அதேபோல் வெட்டிக்கொள்ளலாம்.

இடப்பக்க, வலப்பக்க ஸ்பார்களை எடை மட்டுமின்றி விறைப்பிலும் இணையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரு முனைகளையும் தாங்கி நடுவில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

5. முதலில் வால்

கையேடு எந்த வரிசையைச் சொன்னாலும் வாலிலிருந்து தொடங்குவது நல்லது. அது தட்டையானது, சிறியது, கெட்டுப்போனால் ஒரு மாலையில் மீண்டும் செய்துவிடக் கூடியது. பசையின் வேகத்தையும் பிளேடின் போக்கையும் கை அதில் பழகிக்கொள்ளும்.

குண்டூசியைக் குச்சியின் நடுவில் குத்தாமல் இருபுறமும் சாய்த்துக் குத்திக் குச்சியை இறுக்கிப் பிடிக்க வைக்க வேண்டும். நடுவில் குத்தினால் மரம் பிளக்கும். மூலைகள் இடைவெளியின்றிப் பொருந்தும்வரை உப்புத்தாளில் தேய்த்து, அதன் பின்னரே பசை. எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால்மடலின்) இரு பாதிகளை இணைக்கும் கம்பியை இப்போது ஒட்டக் கூடாது. கவரிங்கிற்குப் பிறகே அதற்கு இடம்.

6. இறக்கை

விமானம் நன்றாகப் பறக்குமா என்பதில் பெரும்பங்கு இங்கேயே முடிவாகிவிடுவதால், மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கீழ் ஸ்பாரை வரைபடத்தின் மேல் எஃகு அளவுகோலை ஒட்டி நேராகக் குத்தி நிறுத்திய பின், எல்லா ரிப்புகளையும் பசையின்றி அதன் மேல் வைத்து, மேல் ஸ்பாரையும் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு ரிப் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் பொந்தைத் தேய்க்க வேண்டுமே ஒழிய, ஸ்பாரை வலிந்து அழுத்தக் கூடாது. அழுத்தி ஒட்டிய விசை மரத்திற்குள் தங்கி, பலகையிலிருந்து எடுத்ததும் முறுக்கமாக வெளிப்படும்.

ரிப்புகள் மூலைமட்டத்தை ஒட்டிச் செங்குத்தாக நிற்க வேண்டும். நடுவில் வரும் முதல் ரிப் மட்டும் விதிவிலக்கு: இரு இறக்கைகளும் மேல்நோக்கிச் சாயும் மொத்தக் கோணத்தில் பாதியளவு அதன் மேல்முனை இறக்கையின் நுனிப்பக்கம் சாய வேண்டும். கிட்டில் இதற்கென ஓர் அட்டை அளவி இருக்கும். அதைக் கவனியாமல் முதல் ரிப்பையும் செங்குத்தாக ஒட்டிவிட்டால், இரு பாதிகளும் மேலே முட்டியும் கீழே திறந்தும் நிற்கும். அந்த இடைவெளியை எப்பாக்ஸியால் நிரப்பி ஒப்பேற்றுவதையும் காண முடிகிறது. இறக்கையின் முழுச் சுமையும் தாங்கும் மூட்டு அது.

இரண்டு ஸ்பார்களுக்கும் இடையே ஒட்டும் வெப் தகடுகளில் மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் தகடு எளிதாகக் கிடைக்கும் என்பதால் பலர் நாரைக் கிடையாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்த வெப், இறக்கை மேலே வளையும்போது நாரோடு பிளந்துவிடும்; வெப் இல்லாத இறக்கைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது.

மேல் ஸ்பாரும் வெப்பும் மேல் தகடும் ஒட்டி முழுவதும் காயும்வரை இறக்கையைப் பலகையிலிருந்து எடுக்கக் கூடாது. ஸ்பாரும் வெப்பும் மேல் தகடும் சேர்ந்து ஒரு பெட்டிபோல் மூடிக்கொண்ட பிறகே இறக்கைக்கு முறுக்கத்தைத் தாங்கும் வலு வருகிறது. அதற்கு முன் எடுத்தால் எந்த நிலையில் கையில் பிடித்திருக்கிறோமோ அந்த நிலையிலேயே அது இறுகிவிடும். வரைபடம் இறக்கை நுனியில் பின்விளிம்பைச் சிறிது உயர்த்தச் சொல்லியிருந்தால், அதற்கான மெல்லிய கட்டையை இந்தக் கட்டத்திலேயே அடியில் வைத்துவிட வேண்டும். நுனிக்கு முன்பே இறக்கையில் உடலை ஒட்டிய பகுதி ஸ்டால் ஆகி (தூக்குவிசையை இழந்து), விமானம் ஒரு பக்கமாகக் கவிழாமல் தடுப்பது இந்தச் சிறு உயர்வுதான்.

நடுப்பகுதியைத் தகட்டால் மூடும் முன் ஏலெரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) சர்வோ ஒயர்களுக்கான துளைகளில் ஒரு நூலை ஓட்டி வைத்துவிடுங்கள். பிறகு ஒயரை அந்த நூலில் கட்டி இழுத்தால் வந்துவிடும். நூல் இல்லையென்றால் மூடிய இறக்கைக்குள் ஒயரைச் செலுத்துவது பொறுமையைச் சோதிக்கும்.

7. உடல்

முதல் வேலை இரண்டு பக்கத் தகடுகளிலும் வலுவுக்காக உள்பக்கம் ஒட்டும் இரட்டைத் தகடுகள். பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராகத் திறந்து வைத்து, உள்பக்கம் என்று பெரிதாக எழுதிய பின்பே ஒட்ட வேண்டும். இரண்டு இடப்பக்கங்களைச் செய்துவிடுவது இந்தத் துறையில் மிகப் பழைய பிழை. கவனமானவர்களும் இதில் விழுகிறார்கள்.

இறக்கைக்கு அடியில் வரும் ஃபார்மர்களை (உடலின் குறுக்குச் சட்டங்களை) முதலில், பக்கங்கள் இணையாக இருக்கும் பகுதியில் ஒட்டிக் காயவிட வேண்டும். அதன்பின் வால்முனைகளை ஒன்றாக இழுத்துச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது மேலிருந்து பார்த்தால் வரைபடத்தின் நடுக்கோட்டில் முனை சரியாக நிற்க வேண்டும். ஒரு பக்கத் தகடு மற்றதைவிட விறைப்பாக இருந்தால் உடல் வாழைப்பழம்போல் வளையும். விறைப்பான பக்கத்தின் வெளிப்புறத்தை நீரால் இலேசாக ஈரப்படுத்தினால் அது இணங்கி வரும்.

முன்பலகை நேராக அமையாது. மோட்டாரின் அச்சு சற்றுக் கீழ்நோக்கியும் வலப்பக்கமும் சாயும்படி வரைபடம் காட்டியிருக்கும். புரொப்பல்லரின் சுழற்சியால் இடப்பக்கம் இழுக்கும் போக்கையும், வேகம் கூடும்போது மூக்கு மேலெழும் போக்கையும் இந்தச் சாய்வுகள் சமப்படுத்துகின்றன. கோணலாக இருக்கிறதே என்று அதைத் திருத்திச் செங்குத்தாக்கிவிட வேண்டாம். மோட்டார் திருகுகளுக்கான டி-நட்டுகளை (மரத்தில் பதியும் முள்ளுள்ள நட்டுகளை) பின்புறம் பதித்து எப்பாக்ஸி வைத்த பிறகே முன்பலகையை உடலில் ஒட்ட வேண்டும்.

சர்வோவிலிருந்து வால்மடலுக்குச் செல்லும் கம்பியான புஷ்ராடின் குழாய்களை மேல்தகடு மூடும் முன் ஓட்டி, ஒவ்வொரு ஃபார்மரிலும் ஒட்டிப் பிடிப்பு தர வேண்டும். நடுவில் பிடிப்பில்லாத குழாய் காற்றழுத்தத்தில் வளையும். சர்வோ முழுதும் நகர்ந்தாலும் எலிவேட்டர் பாதிதான் நகரும்.

8. மூடுவதற்கு முன் முழு ஒத்திகை

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. மரம் வெறும் மரமாக இருக்கும்போதே மோட்டார், சர்வோ, ரிசீவர், பேட்டரி, சக்கரம் எல்லாவற்றையும் பொருத்தி, இறக்கையைக் கட்டி, வாலை ஊசியால் நிறுத்தி, முழு விமானமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பேட்டரி முன்னும் பின்னும் நகர இடம் இருக்கிறதா, அதை வெளியே எடுக்கக் கை நுழைகிறதா, காற்று உள்ளே வரவும் வெளியேறவும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எடைமையத்தையும் தோராயமாகச் சோதிக்க வேண்டும். வால் கனமாக இருந்தால் பேட்டரித் தட்டை முன்னே நகர்த்த இதுவே கடைசி வாய்ப்பு.

9. உப்புத்தாள்

நேரான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் மட்டுமே தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் ரிப்புகளுக்கு நடுவே பள்ளம் விழும். 150 எண் தாளில் தொடங்கி 320-இல் முடிக்கலாம். முன்விளிம்பின் வளைவுக்கு வரைபடத்திலிருந்து ஓர் அட்டை வார்ப்பு வெட்டி நெடுக ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும்.

வேலை முடிந்ததும் தூசியை ஈரத்துணியால் அல்லாமல் வேக்குவம் கிளீனராலோ உலர்ந்த தூரிகையாலோ அகற்ற வேண்டும். தூசி மிஞ்சிய இடத்தில் ஃபிலிம் ஒட்டாது.

10. கவரிங்

ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரின் ஈரக்காற்றில் பால்சா நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த நிலையில் ஃபிலிமை இறுக்கிவிட்டால், பிப்ரவரி, மார்ச்சில் மரம் உலர்ந்து சுருங்கும்போது சுருக்கங்கள் விழும். மழைக்காலத்தில் கட்டுகிறவர் சட்டகத்தை உலர்ந்த அறையில் சில நாள் வைத்துவிட்டு மூடுவது நல்லது.

இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தை ஃபிலிம் உறை சொல்லும் அளவில் வைத்து, முதலில் ஒரு கழிவுத் துண்டில் சோதிக்க வேண்டும். ஒட்டுவதற்குக் குறைந்த வெப்பம். இறுக்குவதற்கு அதைவிடக் கூடுதல். இந்த இரண்டையும் ஒரே வெப்பத்தில் செய்ய முயன்றால் ஒட்டும் முன்பே ஃபிலிம் சுருண்டுவிடும்.

அடிப்பக்கத்தை முதலிலும் மேல்பக்கத்தைப் பிறகும் மூட வேண்டும். அப்போது ஓரத்தின் மடிப்பு கீழ்நோக்கி அமைந்து கண்ணில் படாது. உடலிலும் வால்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வந்தால், மேலடுக்கின் விளிம்பு காற்றுக்கு எதிராக நிற்காது. ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கத்திற்குப் போகக் கூடாது. இரு பக்கமும் ஓரங்களை ஒட்டிய பின், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, இடையிடையே இறக்கையைப் பின்னாலிருந்து நோக்கிப் பார்க்க வேண்டும். முறுக்கம் தெரிந்தால் எதிர்த்திசையில் சற்று அதிகமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சூடாக்கி, குளிரும்வரை விடாமல் வைத்திருந்தால் சரியாகிவிடும்.

11. வாலை ஒட்டுதலும் ஹிஞ்சுகளும்

வால் ஒட்டும் இடத்தில் ஃபிலிமை நீக்கி, மரத்தோடு மரம் சேர வேண்டும். பிளேடால் அழுத்தி வெட்டினால் அடியிலுள்ள பால்சாவும் கீறப்பட்டு, அந்தக் கீறல் வழியே வால் பறக்கும்போது முறியக் கூடும். சூடான சால்டரிங் அயர்னின் முனையை அளவுகோலை ஒட்டி இலேசாக இழுத்தால், மரம் கீறாமல் ஃபிலிம் மட்டும் பிரியும்.

ஒட்டும் முன் மூன்று அளவுகள். பின்னாலிருந்து பார்த்தால் கிடைவால் இறக்கைக்கு இணையாக இருக்க வேண்டும். கிடைவாலின் இரு நுனிகளிலிருந்து உடலின் முன்பகுதியில் நடுக்கோட்டில் குத்திய ஊசிவரை நூலால் அளந்தால் நீளம் சமமாக வர வேண்டும். நெடுவால் மூலைமட்டத்தில் நிற்க வேண்டும். எப்பாக்ஸி இறுகும்வரை நகர்ந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதியே.

அசையும் மடல்களைப் பிடிக்கும் நார்க் கீல்களான சி.ஏ. ஹிஞ்சுகளின் நடுவில் ஓர் ஊசியைக் குத்தி, இரு பக்கமும் சமமாக நுழைந்ததை உறுதிசெய்த பின் ஊசியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமும் சில துளி நீர்த்த சி.ஏ. விட வேண்டும். இதற்குக் கெட்டிப் பசையோ விரைவாக இறுக்கும் தெளிப்பானோ கூடாது. பசை நாரில் ஊறும் முன்பே இறுகிப்போகும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

12. மின்னமைப்பு

இந்தக் கட்டம் முழுவதிலும் புரொப்பல்லர் மேசையில் இருக்க வேண்டும், மோட்டாரில் அல்ல.

டிரான்ஸ்மிட்டரை இயக்கி, டிரிம்களை நடுவில் வைத்து, சர்வோ நடுநிலைக்கு வந்தபின் அதன் கையைப் பொருத்தித் திருக வேண்டும். மின்சாரம் இல்லாமல் கையைப் பொருத்திவிட்டு டிரிம்மால் சரிசெய்வது, பறக்கும்போது தேவைப்படும் டிரிம்மைத் தரையிலேயே செலவழிப்பதாகும்.

திசைகளை விமானத்தின் பின்னால் நின்று சோதிக்க வேண்டும்: குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலெரான் மேலே, குச்சியை நம் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே, நெடுவாலின் மடலான ரட்டருக்கு வலப்பக்கம் தந்தால் அதுவும் வலப்பக்கம். ஏலெரான் தலைகீழாக இருப்பது முதல் பறப்பில் விமானத்தை இழக்க மிகவும் சாதாரணமான காரணம்.

பிறகு மோட்டாரை ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும்) அமைப்பைத் திருத்தாமல் மேலே போகக் கூடாது.

13. எடைமையம்

பேட்டரி உள்ளே இருக்க, பறக்கத் தயாரான நிலையில் இறக்கையின் அடியில் இரு விரல்களால் தூக்கிப் பார்க்க வேண்டும். வரைபடம் ஓர் எல்லையைத் தந்திருக்கும். செவ்வக இறக்கையில் அது பெரும்பாலும் அகலத்தின் 25 முதல் 33 சதவீதத்திற்குள் வரும். அகலம் 240 மி.மீ. என்றால் முன்விளிம்பிலிருந்து 60 முதல் 80 மி.மீ. முதல் பறப்பின்போது எடைமையத்தை இந்த எல்லையின் மூக்குப்பக்க முனையை ஒட்டி வைப்பது பாதுகாப்பு. மூக்குக் கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தது கட்டுக்குள் நில்லாது.

பேட்டரியை நகர்த்திச் சரிசெய்ய முயன்று, முடியாதபோது மட்டும் ஈயம். மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கி, எந்த இறக்கை தாழ்கிறது என்றும் பார்த்து, எதிர் இறக்கையின் நுனியில் சிறு எடை சேர்க்கலாம்.

14. களத்தில்

கெம்பேகௌடா பன்னாட்டு நிலையம், எச்.ஏ.எல்., எலகங்கா, ஜக்கூர் என்று பெங்களூரைச் சுற்றி ஓடுதளங்கள் நெருக்கமாக இருப்பதால், காலி மைதானம் எல்லாம் பறக்கவிடும் இடமாகிவிடாது. ஓசூர்ப் பக்கம் போகிறவர்களும் அங்கே ஓர் ஓடுதளம் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளையொட்டிய வான்வெளி வரைபடத்தின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அதாவது அனுமதி பெற்றே பறக்கவிட வேண்டிய பகுதி; அதற்கும் உள்ளே சிவப்பு மண்டலம். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் மஞ்சள் மண்டலம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைச் சரிபார்த்து, எடைக்கேற்ற பதிவு விதிகளையும் படித்து, நில உரிமையாளரின் ஒப்புதலையும் பெற்றபின் கிளம்ப வேண்டும்.

காலை எட்டு மணிக்குள் காற்று அடங்கியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை வீசும் மேற்குக் காற்றில் முதல் பறப்பை வைத்துக்கொள்ள வேண்டாம். டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச் சோதனை முறையில், கையேடு சொல்லும் தூரம் நடந்து சென்று, மோட்டார் நின்றிருக்கும்போதும் ஓடும்போதும் சர்வோக்கள் நடுங்காமல் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அனுபவமுள்ளவர் ஒருவர் முதல் முறை பறக்கவிட்டு டிரிம் செய்து தருவதில் எந்தக் குறைவும் இல்லை.

இங்குள்ள மெல்லிய காற்றில் ஸ்டால் ஆகும் வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடும்; ஆகையால் இறங்கும்போது மூக்கைத் தூக்கி மிதக்கவிட அவசரப்படாமல், சற்று வேகத்தோடே தரைக்குக் கொண்டுவர வேண்டும்.

இறங்கியதும் பேட்டரியைக் கழற்றி ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் அளந்தால், எத்தனை நிமிடம் பறக்கலாம் என்ற கணக்கு கிடைக்கும். அன்று மீண்டும் பறக்கவிடாவிட்டால் வீட்டில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்துவைக்க வேண்டும். பிறகு முன்பலகையின் திருகுகள், ஹிஞ்சுகள், சக்கரத் தாங்கி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் போட்ட டிரிம் அளவுக்கு புஷ்ராடின் முனைக் கொக்கியான கிளெவிஸைத் திருகி நீளத்தை மாற்றி, டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்த பின்னரே இரண்டாம் முறை ஏற்ற வேண்டும்.